பெரியம்மா மோட்டார் போட்டால் கார் ஏன் அடங்குகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெரியப்பா வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. கீழே போர்ட்டிகோவில் மின்சார கார். போன மாசியில் ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் போயிருந்தேன். சுவரில் மாட்டிய சார்ஜர் பெட்டி 8 ஆம்பியர் என்று காட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா மோட்டார் சுவிட்சைத் தட்டினார். சில விநாடிகளில் எண் 6-க்கு இறங்கியது. ஐந்து நிமிடம் அப்படியே நின்றது. அப்புறம் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம், சார்ஜ் நின்றுவிட்டது. தொட்டி நிரம்பி மோட்டாரை நிறுத்திய பிறகு மறுபடி ‘டக்’.

“நான் மோட்டார் போட்டா காருக்கும் கோபம், உங்க பெரியப்பாவுக்கும் கோபம்” என்றார் பெரியம்மா.

கார் அடங்கியதற்குக் காரணம், ஈ.பி. மீட்டருக்குப் பக்கத்தில் கம்பியைச் சுற்றி மாட்டியிருக்கும் ஒரு சின்ன வளையம். கம்பியை எங்கும் வெட்டவில்லை; கைக்கு வளையல் மாதிரி சும்மா கோத்திருக்கிறார்கள். கம்பியில் ஓடும் மின்சாரம் தன்னைச் சுற்றி காந்தப்புலத்தை உண்டாக்கும். அது வளையத்துக்குள் இருக்கும் சுருளில் ஒரு துளி மின்னோட்டத்தைத் தூண்டும். அதை அளந்தால் பெரிய கம்பியில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். ஏசி மின்சாரம் அலையாக ஆடுவது; அந்த மின்னோட்ட அலை வோல்டேஜ் அலையோடு சேர்ந்து ஏறி இறங்கினால் மின்சாரம் வீட்டுக்குள் வருகிறது. நேர் எதிராக ஆடினால் வெளியே போகிறது. வெளியே போவதுதான் உபரி. அந்த உபரியை மட்டும் காருக்குக் கொடுக்கும்படி சுவர்ப் பெட்டியை அமைத்திருக்கிறார்கள்.

அன்றைய கணக்கு இது. கூரை தந்தது சுமார் 2,300 வாட். ஃபிரிட்ஜ், ஃபேன், டிவி எல்லாம் சேர்த்து 400. மிச்சம் 1,900. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 8 ஆம்பியர் சொச்சம். மோட்டார் ஏறக்குறைய 1,000 வாட் இழுத்ததும் மிச்சம் 900 ஆகிவிட்டது.

சரி, இதைக் காருக்கு எப்படிச் சொல்வது? சுவரில் இருப்பதை நாம் சார்ஜர் என்கிறோமே தவிர, உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி பேட்டரிக்கு ஊட்டுவது அதுதான். சுவர்ப் பெட்டி, பேசத் தெரிந்த ஒரு சுவிட்ச்.

பேச்சு நடப்பது கேபிளுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய கம்பியில். அதில் 12 வோல்ட் துடிப்பு விநாடிக்கு 1,000 முறை மேலும் கீழும் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நேரம் மேலே இருக்கிறது என்பதே செய்தி. நூற்றுக்குப் பத்துப் பங்கு மேலே இருந்தால் 6 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம். இருபது பங்கு என்றால் 12. சதவீதத்தை 0.6-ஆல் பெருக்கினால் ஆம்பியர், அவ்வளவுதான். கார் அதே கம்பியில் பதில் சொல்லும்: 12 வோல்ட்டை 9-க்கு இழுத்தால் ‘இணைந்துவிட்டேன்’, 6-க்கு இழுத்தால் ‘தயார், அனுப்பு’. துடிப்பின் அகலம் குறைந்தால் ஐந்து விநாடிக்குள் கார் அடங்க வேண்டும் என்பது விதி. இணையம், ஆப் எதுவும் இதற்குத் தேவையில்லை. எனக்கு இந்த எளிமை ரொம்பப் பிடிக்கும்.

சிக்கல் அடிமட்டத்தில் இருக்கிறது. இந்தப் பேச்சில் 6 ஆம்பியருக்குக் கீழே எண் கிடையாது. 6 × 230 = 1,380 வாட். உபரி அதற்குக் குறைந்தால் இரண்டே வழி: பற்றாக்குறையை ஈ.பி.யிலிருந்து எடுப்பது, அல்லது நிறுத்துவது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வந்து வந்து போகும்; ஒவ்வொரு மேகத்துக்கும் நிறுத்தித் தொடங்கினால் ‘டக்’ சத்தம் போடும் ரிலே தேய்ந்துவிடும். அதனால்தான் அந்த ஐந்து நிமிடப் பொறுமை. மூன்று ஃபேஸிலும் இழுக்கும் கார் என்றால் குறைந்தபட்சமே 4,140 வாட். சின்னக் கூரைக்கு சிங்கிள் ஃபேஸ் சார்ஜிங்தான் தோது.

அக்னி நட்சத்திரத்தில் உபரி கொட்டும் என்று நினைக்க வேண்டாம். பேனலின் திறனை 25 டிகிரி வெப்பத்தில் அளந்துதான் எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போலக் குறையும். மொட்டை மாடியில் பேனல் 60 டிகிரி தொட்டால் ஏழில் ஒரு பங்கு காலி.

இன்னொன்று. கரண்ட் போனால், பேனலின் டிசியை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் நின்றுவிடும்; கம்பத்தில் வேலை செய்பவர் மீது மின்சாரம் பாயக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. அப்படி ஒரு நிலை வந்தால், பேட்டரி வைத்த அமைப்பாக இல்லாவிட்டால், சுள்ளென்ற வெயிலிலும் காருக்கு ஒரு யூனிட் ஏறாது.

பணம் மிச்சமாகுமா? வெளியே அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டோடு நேருக்கு நேர் கழிக்கும் இணைப்பு என்றால், எப்போது சார்ஜ் போட்டாலும் பில்லில் பெரிய வித்தியாசம் இருக்காது. அனுப்புவதற்குக் குறைந்த விலை தரும் இணைப்பில்தான் இந்த வளையத்துக்கும் பெட்டிக்கும் போட்ட காசு திரும்பும். பகலில் கார் வீட்டில் இருக்கவும் வேண்டும். நான் வேலைக்குப் புதுச்சேரி போகிறவன். உச்சி வெயிலில் என் வண்டி அங்கே நிற்கும். பெரியப்பா ஓய்வு பெற்றவர். பத்திலிருந்து இரண்டு மணிக்குள் 6, 7 யூனிட் ஏற்றிக்கொள்கிறார். ஏறக்குறைய புதுச்சேரி போய்வரும் தூரம்.

மோட்டார் சண்டையைத் தீர்க்க, காலை ஆறு மணிக்கே தண்ணீர் ஏற்றச் சொன்னார் பெரியப்பா. அப்போது ஓடுவது முழுக்க ஈ.பி. கரண்டில். பெரியம்மா பெட்டியின் திரையை ஒரு வாரம் பார்த்துவிட்டு நேரத்தை மாற்றினார். மூன்றரை மணிக்கு உபரி 1,000 வாட் பக்கம் வந்துவிடும். காருக்கு அது போதாது. மோட்டாருக்குப் போதும்.