கடல் மக்களுக்கும் கால் மரத்துப்போகும்

போன மாதம் இன்னொரு பையன். 24 வயது. இந்தோனேசியாவில் தென்கிழக்கு சுலாவெசி, வாகதோபித் தீவுகள் பக்கத்தில், கடலை நம்பி வாழும் பாஜோ மக்களின் குடியிருப்பு ஒன்றிலிருந்து படகில் படுக்கவைத்தே கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "க்ராம், டோக்" என்றார் அண்ணன். தசைப்பிடிப்பு, டாக்டர் என்று பொருள். கடைசியாக எப்போது கடலிலிருந்து மேலே வந்தான் என்று கேட்டேன். மூன்று நாள் முன்பு. அந்த மூன்று நாளும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டிருக்கிறார்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், பானை மாதிரி இறுகியிருந்தது. சிறுநீர் சரியாகப் பிரியவே இல்லை.

அதே வாரம் நண்பர் ஒருவர் இந்தப் பாஜோக்களைப் பற்றி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். "கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழும் அதிசய மனிதர்கள், இவர்களுக்கு ஆழம் ஒரு பொருட்டே இல்லை." இதே வகை வீடியோ எனக்கு வருவது எத்தனையாவது முறையோ. இந்த முறை பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அழுத்த மருத்துவம் என் துறை, அதாவது முக்குளிப்பவர்களுக்கு நீரழுத்தத்தால் வரும் பாதிப்புக்கான மருத்துவம். ஆண்டுக்குச் சில வாரம் ஒரு மருத்துவக் குழுவோடு அந்தப் பக்கம் போகிறேன், அங்குள்ள மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன். எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது இந்த "அதிசய உடம்பு" பேச்சுதான். அதை முதலில் பேசிவிடுகிறேன்.

2018இல் ஓர் ஆய்வு வெளியானது உண்மை. மத்திய சுலாவெசியின் ஜயபக்தி என்ற ஊரில் வாழும் பாஜோக்களின் மண்ணீரலை அளந்து, பக்கத்தில் நிலத்தில் வாழும் சலுவான் மக்களுடையதோடு ஒப்பிட்டார்கள். பாஜோக்களின் மண்ணீரல் சுமார் 50 சதவீதம் பெரியதாக இருந்தது. முக்குளிக்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். ஆக்சிஜன் கொஞ்சம் கூடும், மூச்சை இன்னும் சற்று அடக்கலாம். மிக அழகான கண்டுபிடிப்பு, நானும் ஆர்வமாகப் படித்தேன்.

ஆனால் அது மூச்சடக்கி முக்குளிப்பவருக்கான உதவி. மூச்சடக்கிப் போகிறவர் நுரையீரலில் ஒரே ஒரு மூச்சுக் காற்றைத்தான் எடுத்துப்போகிறார். அந்த ஒரு மூச்சில் இருக்கும் நைட்ரஜன் எவ்வளவு? கொஞ்சம்தான். (மூச்சடக்கியே ஆழத்துக்குத் திரும்பத் திரும்பப் போனாலும் அபூர்வமாகப் பாதிப்பு வரும், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) இப்போது என்னிடம் வருகிறவர்கள் மூச்சடக்கிப் போனவர்கள் அல்ல. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைப் படகில் வைத்து, அதிலிருந்து நீளமான பிளாஸ்டிக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கியவர்கள். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரம் விடாமல் மூச்சு வாங்கினால், நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்துகொண்டே இருக்கும். விறுவிறுவென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி கிளம்பும். இதுதான் அழுத்தக்குறைவு நோய். முதுகுத்தண்டில் குமிழி நின்றுவிட்டால் கால் போய்விடும். மண்ணீரல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. சென்னைப் பையனுக்கு வருவதுதான் பாஜோ பையனுக்கும் வரும். உடற்பயிற்சிக்காரனுக்கும் வரும், பத்து வருட அனுபவசாலிக்கும் வரும். அனுபவசாலிக்கு அதிகமாகவே வருகிறது, ஏனென்றால் அவர்தான் இன்னும் ஆழம் போகிறார்.

ஏன் போகிறார் என்பதற்கு அந்த ஊரைப் பார்க்க வேண்டும். பவளக் கல் அடுக்கிய மேடு, அதன்மேல் மரக்கால்கள், கால்கள்மேல் வீடுகள், வீடுகளை இணைக்கும் பலகைப் பாலங்கள். சொந்தமாக வயல் இல்லை, கிணறு இல்லை. குடிதண்ணீரைப் பக்கத்துத் தீவிலிருந்து கேன்களில் பிடித்துப் படகில் கொண்டுவருகிறார்கள். மரவள்ளிக்கிழங்கும் நிலத்து மக்களிடமிருந்துதான் வரவேண்டும். அதைத் துருவிப் பிழிந்து ஆவியில் வேகவைத்த கசுவாமி, பொரித்த மீன், இதுதான் சாப்பாடு. மீனைக் கொடுத்துக் கிழங்கு வாங்குவது பழைய வழக்கம். ஆனால் படகு எஞ்சினுக்கு டீசல், பிள்ளையின் படிப்பு, கல்யாணம், இதெல்லாம் காசு கேட்கும். காசு என்றால் அங்கே கடல் அட்டை, கடலடியில் ஊரும் வெள்ளரிக்காய் மாதிரியான உயிர். வேகவைத்து, உப்பிட்டு, புகையில் காயவைத்தால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. அது தெற்கு சுலாவெசியின் துறைமுக நகரமான மக்காசர் வழியாகச் சீனச் சந்தைக்குப் போகும். மக்காசர்க்காரர்கள் இதற்காக வட ஆஸ்திரேலியா வரை பாய்மரத்தில் போய்வந்தார்கள், 1907 வரை. அவ்வளவு பழைய வியாபாரம்.

அப்போதெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரிலும் அட்டை கிடைத்தது. இப்போது கரையோரத்தில் எடுத்துத் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஆழத்தில். கம்ப்ரசரும் குழாயும் டீசலும் பயணத்துக்கான அரிசியும் முதலாளி முன்பணமாகக் கொடுக்கிறார். மக்காசர் பக்கம் அவரை புங்காவா என்பார்கள். பிடித்ததை அவருக்கே விற்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்தான் கடன் கொடுப்பார், அதனால் அவரை வில்லன் என்று ஒரே வார்த்தையில் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கடன் தீராதவன் இன்னொரு முறை இறங்குவான். நேற்று கால் மரத்தவன் இன்று இறங்குவது இதனால்தான், துணிச்சலால் அல்ல.

அங்கே பேசும்போது நான் கெஞ்சுவதை இங்கேயும் எழுதுகிறேன். கம்ப்ரசரில் இறங்கவே கூடாது என்று சொல்லத்தான் ஆசை. கேட்கமாட்டார்கள் என்று தெரியும். சரி, குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்.

எஞ்சினின் புகை வெளியேறும் பக்கம் காற்று உறிஞ்சும் வாய் இருக்கக்கூடாது. புகை குழாய்க்குள் போனால் கார்பன் மோனாக்சைடு, ஆள் கீழேயே மயங்கிவிடுவான். கம்ப்ரசர் பக்கத்தில் ஓர் ஆள் எப்போதும் விழித்திருக்க வேண்டும். ஆழமான இறக்கத்தை முதலில் முடித்துவிடுங்கள், ஆழம் குறைந்ததைப் பிறகு வையுங்கள். ஒழுங்கான கருவியோடு பொழுதுபோக்குக்கு முக்குளிப்பவர்களுக்கே 30 மீட்டரில் சுமார் 20 நிமிடம்தான் எல்லை. மேலே வருவது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டரில் நின்று, குறைந்தது மூன்று நிமிடம் காத்திருந்து வாருங்கள். ஆழத்தில் நேரம் கூடினால் இந்த மூன்று நிமிடம் போதவே போதாது.

மேலே வந்தபின் மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், காரணமில்லாத களைப்பு எது வந்தாலும் அது அழுத்தக்குறைவு நோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்க்காற்று பட்டதும் இல்லை, கடல் பேய் பிடித்ததும் இல்லை. நீவக்கூடாது. படுக்கவைத்து, கையில் ஆக்சிஜன் இருந்தால் முகமூடியில் முழுதாகக் கொடுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் குடிக்கலாம். சாராயம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் தயவுசெய்து மறுபடி கடலில் இறக்காதீர்கள். இது எல்லாப் பக்கமும் நடக்கிறது. இறங்கினால் வலி நின்றுவிடும், அதுதான் ஆபத்து. அழுத்தத்தில் குமிழி சுருங்குவதால் வலி போகிறது, அதே நேரம் கடித்திருக்கும் குழாய் வழியே புது நைட்ரஜன் ஏறிக்கொண்டிருக்கிறது. மேலே வந்தபின் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. முக்குளிப்பவர் வந்தால் கால் அசைகிறதா என்று பார்க்கும் முன்பே சிறுநீர் போனதா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டிருக்கலாம், சிறுநீர்ப்பைக்குக் குழாய் வைத்து வடியவிடுங்கள். உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்துக் குமிழியைக் கரைக்கும் அழுத்த அறைக்கு உடனே பேசுங்கள். நாள் கடந்துவிட்டது என்று அனுப்பாமல் விடாதீர்கள், தாமதமாக வந்தவர்களும் தேறுவதை நான் பார்த்திருக்கிறேன். கால் திரும்பாதவர்களை வீட்டில் கொல்வது குமிழி அல்ல, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பாதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்களும் இதே கம்ப்ரசர் குழாயில்தான் இறங்குகிறார்கள். உடம்பும் அதே உடம்பு. சுற்றுலா போய் முக்குளித்துவிட்டு அன்று இரவே விமானம் ஏறுகிறவர்களும் கவனியுங்கள், கடைசி முக்குளிப்புக்குப் பின் ஒரு முழு நாள் விட்டுத்தான் பறக்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு அழுத்த அறை சிகிச்சை கொடுத்தோம். இடது காலில் உணர்வு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, பாதத்தை லேசாக அசைக்கிறான். சக்கர நாற்காலி ஏற்பாடு செய்யலாம் என்றேன். அண்ணன் தயங்கினார். வீட்டுக்குப் போகும் பாலத்தில் இரண்டே பலகைதானாம், நடுவில் இடைவெளி. முதலில் பாலத்தை அகலப்படுத்த வேண்டும், பலகைக்குக் காசு முதலாளியிடம்தான் கேட்க வேண்டும் என்றார். "நீங்கள் இறங்குவதில்லையே?" என்று கேட்டேன். அடுத்த வாரம் பயணம் இருக்கிறது என்றார். 5 மீட்டரில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டு, கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனார்.