நெர்ட்னா புத்தகப்புழு இல்லைங்க

போன வாரம் ஒரு இங்கிலீஷ் சீரியல் பாத்துட்டு இருந்தேன். ஒரு பொண்ணு தன் அப்பாவை நெர்ட்னு பெருமையா சொல்றா, கீழ தமிழ்ல "என் அப்பா ஒரு புத்தகப்புழு"ன்னு ஓடுது. அந்த மனுசன் கையில புத்தகமே இல்ல, ராத்திரி முழுக்க தோட்டத்துல டெலஸ்கோப்போட நிக்கறார். இதே தப்பை எத்தனை தடவைதான் பாக்கறது, அதான் எழுதிட்டேன்.

சொல்லோட பூர்வீகம் சின்னதுதான். 1950ல அமெரிக்காவுல டாக்டர் சூஸோட ஒரு குழந்தைகள் புத்தகத்துல கற்பனைப் பிராணி ஒண்ணுக்கு நெர்ட்னு பேரு. அடுத்த வருசமே டெட்ராய்ட் பசங்க சுவாரசியமில்லாத ஆளை இப்படிச் சொல்றாங்கன்னு நியூஸ்வீக் எழுதுச்சு, ரெண்டுக்கும் தொடர்புன்னு யாரும் நிரூபிக்கல. அப்புறம் கம்ப்யூட்டர் காலம் வந்து திட்டு பாராட்டாயிருச்சு. இன்னிக்கு நெர்ட்னா ஊர் என்ன சொல்லுதுன்னு பாக்காம ஒரே விசயத்துல அடி ஆழம் வரைக்கும் போய் அங்கயே கிடக்கற ஆளு.

புத்தகப்புழு அது இல்ல. எங்கப்பா ஒரு நாவல்கூட முழுசா படிச்சதில்ல. அவருக்கு எல்லாமே சிற்றலை ரேடியோதான், அதாவது தூர தேசத்து ஸ்டேசன் எல்லாம் கேக்கற ஷார்ட்வேவ். மொட்டை மாடி தண்ணி டேங்க்ல இருந்து தென்னை மரம் வரைக்கும் செம்புக்கம்பி இழுத்துக் கட்டியிருப்பார். சாப்பிட்டதும் 31 மீட்டர், 25 மீட்டர்னு ஒவ்வொரு சிற்றலை பேண்டா முள்ளை மயிரிழை மயிரிழையா நகத்துவார், பக்கத்துல ஒரு நீள நோட்டு. நேரம், அலைவரிசை எல்லாம் எழுதி கடைசியில 5 இலக்கம் போடுவார், சின்போன்னு பேரு. சிக்னல் பலம், அடுத்த ஸ்டேசன் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்கறது, மொத்தத்துல எப்படின்னு ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும் மார்க். 55555னா பக்கத்து வீட்ல பேசற மாதிரி தெளிவு. அதை ஸ்டேசனுக்கு அனுப்பினா, ஆமா நீங்க கேட்டது எங்களைத்தான்னு கியூஎஸ்எல் கார்டு வரும்.

பத்து வயசுல நானும் கூட உக்காந்திருந்தேன். இரைச்சல்ல ஸ்டேசன் பேரு பாதிதான் கேட்டுச்சு, மீதியை நானே ஊகிச்சு நோட்டுல முழுசா எழுதிட்டேன். அப்பா பென்சிலால ஒரு கோடு போட்டு அடிச்சார். "காதுல விழுந்ததை எழுது கண்ணு, விழுந்திருக்கும்னு நினைக்கறதை எழுதாத"ன்னு சொல்லி அந்த மீதிப் பாதிக்குப் பதிலா ஒரு கேள்விக்குறி வெச்சார். இன்னிக்கு ஆபீஸ்ல எந்த ரிப்போர்ட் எழுதினாலும், தெரியாத இடத்துல அந்தக் கேள்விக்குறியைத்தான் வெக்கறேன். எந்தப் புத்தகப்புழு இதைச் சொல்லித்தரும்?

சில பேர் அறிவுஜீவிங்கறாங்க. அது கொள்கை, அரசியல்னு பேசறவருக்கு உள்ள சொல், எங்கப்பா மேடை ஏறினதே இல்ல. மேதாவின்னா இப்ப பாதி கிண்டல். படிப்ஸ் மார்க்குக்காக படிக்கறவன், ஆனா ரேடியோவுல எங்கப்பாவுக்கு யார் மார்க் போட்டா? பழம்னா அப்பாவி, அவ்வளவுதான். இந்த நாலையும் மாத்தி மாத்தி ஒட்டறவங்க அந்த ஆளு என்ன செய்யறான்னு திரையைப் பாக்கறதே இல்ல, டிக்சனரில முதல்ல இருக்கறதை எடுத்துப் போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடறாங்க, அதான் எனக்கு ஆத்தாமையே.

என் கணக்குல சரியான சொல் கிறுக்கு. இது நான் உண்டாக்கினது இல்ல, எங்க தெருவே வெச்ச பேரு. வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டின கவரோட புது போஸ்ட்மேன் வந்து நின்னா "அந்த ரேடியோ கிறுக்கு வீடு"ன்னு சின்னப் புள்ளைங்க கை காட்டும். அம்மாவே அப்படித்தான் சொல்லும், சொல்லும்போது மூஞ்சில சிரிப்பு இருக்கும். கிறுக்குன்னா திட்டாச்சேன்னு கேக்கறாங்க. நெர்ட்டும் திட்டாத்தானே பொறந்துச்சு? வாயில புழங்கிப் புழங்கித்தான் திட்டு செல்லமாகும், அந்த வழியில கிறுக்கு எப்பவோ பாதி தூரம் வந்தாச்சு.

ஒரே ஒரு கண்டிசன், இங்கிலீஷ்ல நெர்ட் தனியா நிக்கும், தமிழ்ல கிறுக்கு தனியா நின்னா அர்த்தம் கெட்டுப்போகும். "கிறுக்கு அப்பா"ன்னா யாருக்கும் வலிக்கும். முன்னாடி விசயத்தைச் சேக்கணும்: கணக்குக் கிறுக்கு, ரயில் கிறுக்கு, செடிக் கிறுக்கு. எதுல கிறுக்குன்னு தெரிய சீனைப் பாத்தே ஆகணும், மொழிபெயர்க்கறவங்களுக்கு அந்தக் கட்டாயம் நல்லதுதான்.

அந்த சீரியல் வரியை நான் எழுதியிருந்தா "எங்கப்பா ஒரு டெலஸ்கோப் கிறுக்கு"ன்னு போட்டிருப்பேன்.