அண்டர்டேக்கர் வெட்டியான் இல்லை

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் கைப்பேசியில் பழைய மல்யுத்தப் போட்டி ஒன்றைத் தமிழ் வர்ணனையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அரங்கில் விளக்குகள் அணைந்தன. மாதாகோயில் மணி போல ஒற்றை மணி ஒலித்தது. நீல வெளிச்சத்தில், புகைக்கு நடுவே, நீளக் கறுப்புக் கோட்டும் அகன்ற விளிம்புத் தொப்பியுமாக ஒரு நெடிய மனிதர் அடிமேல் அடி வைத்து வந்தார். வர்ணனையாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “இதோ, வெட்டியான் வந்துவிட்டார்!”

“மாமா, அண்டர்டேக்கர்னா வெட்டியான்தானே?” என்று பையன் கேட்டான். அந்த அமெரிக்க மல்யுத்த வீரரின் மேடைப் பெயர்தான் அண்டர்டேக்கர்.

இதை நான் கேட்பது முதல் தடவை இல்லை. பத்து வருடங்களாகவாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன். அண்டர்டேக்கரைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும், ‘அண்டர்டேக்கர் (அதாவது வெட்டியான்)’ என்று ஒரு அடைப்புக்குறியைப் போட்டுவிடுகிறார்கள். ஒருவர் போட்டதைப் பார்த்து இன்னொருவர் போடுகிறார். இந்த மொழிபெயர்ப்பு தவறு. ஏதோ நூலிழை வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். இது அந்தச் சொல் சொல்வதற்கு நேர் எதிரான பொருளைத் தருகிறது.

முதலில் சொல்லின் வேர். ‘அண்டர்’ என்றால் கீழே, ‘டேக்கர்’ என்றால் எடுத்துப் போகிறவர், ஆகவே மண்ணுக்குக் கீழே கொண்டுபோகிறவர் என்று பலர் விளக்கம் கொடுக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படிக் கிடையாது. ‘அண்டர்ஸ்டாண்ட்’ என்பதற்குக் ‘கீழே நில்’ என்று யாராவது பொருள் சொல்வார்களா? ‘அண்டர்டேக்’ என்றால் ஒரு வேலையைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்வது. அப்படி ஏற்றுக்கொண்டவர் அண்டர்டேக்கர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் அரசிடம் நிலம் பெற்றுக் குடியேற்றம் நடத்த ஒப்புக்கொண்டவர்களுக்கும் அண்டர்டேக்கர் என்றுதான் பெயர். அவர்களுக்கும் பிணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த நூற்றாண்டின் முடிவில், சாவு வீட்டு வேலைகளைக் கூலி பேசி ஏற்று நடத்துகிறவரையும் இந்தப் பெயரால் குறிக்கத் தொடங்கினார்கள். அப்புறம் அந்தப் பொருள் மற்ற எல்லாப் பொருள்களையும் விழுங்கிவிட்டது.

ஆக, சொல்லின் நடுநாடி ‘ஏற்றுக்கொள்வது’. விலை பேசி, சம்மதித்து, பொறுப்பெடுப்பது. வேண்டாம் என்றால் மறுக்கவும் செய்யலாம்.

இப்போது ‘வெட்டியான்’ என்ற சொல்லைப் பார்ப்போம். குழி வெட்டுவதால் வெட்டியான் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்ற சொல் வருகிறது. ஊருக்கும் அரசுக்கும் கூலி வாங்காமல் செய்துதீர வேண்டிய கட்டாய வேலைக்கு அந்தப் பெயர். ‘விஷ்டி’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் அது. இன்றைக்கு நாம் சொல்லும் ‘வெட்டி வேலை’, ‘வெட்டியாகச் சுற்றுகிறான்’ எல்லாம் அங்கிருந்து வந்தவை. வெட்டி செய்கிறவர் வெட்டியான். பிணம் எரிப்பது அவருடைய கடமைகளில் ஒன்று, அவ்வளவுதான். ஊர் எல்லையைக் காட்டுவது, சாவுச் செய்தியைப் பக்கத்து ஊர்களுக்கு நடந்துபோய்ச் சொல்வது, பல ஊர்களில் வாய்க்காலில் தண்ணீர் திருப்புவது என்று பலதும் அவர் தலையில்தான் இருந்தது. அந்த வேலையை அவர் ஏற்கவில்லை. பிறப்பால் அவர் மேல் ஏற்றப்பட்டது.

ஒருவர் சம்மதித்துப் பொறுப்பேற்றவர், இன்னொருவர் மறுக்க முடியாமல் செய்தவர். இந்த இரண்டுக்கும் நடுவில் சமக்குறி போட எப்படி மனம் வருகிறது?

என் தாத்தாவை எரித்த அன்று நான் ஆறாம் வகுப்பு. சுடுகாட்டில் எல்லாரும் தள்ளி நின்றபோது, ஒரு பெரியவர் மட்டும் விறகடுக்கின் பக்கத்தில் நின்று, வறட்டியையும் வைக்கோலையும் கையால் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். கடைசியில் அவருக்குக் காசு கொடுக்க வேண்டும். அவர் துண்டைத் தரையில் விரித்தார். சித்தப்பா குனியாமல் மேலேயிருந்தே காசைப் போட்டார். ஒரு நாணயம் துண்டுக்கு வெளியே உருண்டு சாம்பலில் விழுந்தது. பெரியவர் அதைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். வெட்டியான் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு அந்த நாணயம்தான் நினைவுக்கு வருகிறது. அதே சொல்லைத் திகில் கூட்டுவதற்காக ஒரு அமெரிக்க மல்யுத்த வீரருக்குப் பட்டமாகச் சூட்டும்போது, அந்தப் பெரியவரை யாரோ பேயாக்கிக் காட்டுவதுபோல் இருக்கிறது. மயானத்தில் வேலை செய்கிறவர்களை ‘மயானப் பணியாளர்’ என்று மரியாதையாகச் சொல்லத் தொடங்கியிருக்கும் காலத்தில், பழைய சொல்லை வசைபோலத் தூக்கிப் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் இருக்கிறது. “அவர் ஆட்களைக் குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மூடுகிறாரே?” என்பார்கள். உண்மைதான். 1996 அக்டோபரில் மேன்கைண்ட் என்ற வீரரோடு மோதியபோது, எதிராளியை உயிரோடு குழிக்குள் தள்ளி மூடுவதுதான் வெற்றி என்று விதி வைத்தார்கள். 2020இல் ஏ.ஜே. ஸ்டைல்ஸோடு ஆடிய கடைசி ஆட்டமும் இடுகாடுபோல் போட்ட களத்தில் நடந்தது, அங்கேயும் குழி இருந்தது. ஆனால் இவை முப்பது வருடக் கதையில் வந்துபோன கட்டங்கள். அந்த வேடத்தை எப்படிக் கட்டினார்கள் என்று தொடக்கத்திலிருந்து பார்த்தால், அது குழிவெட்டுகிறவரின் வேடமே இல்லை என்பது தெரியும்.

அண்டர்டேக்கர் வேடம் கட்டிய மார்க் காலவே 1965இல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் பிறந்தவர். ஆறடி பத்து அங்குலம் என்று அறிவிப்பார்கள். முதலில் முகமூடி போட்டுக்கொண்டு ‘டெக்சாஸ் ரெட்’ என்ற பெயரில் ஆடினார், பிறகு ‘மீன் மார்க்’ ஆனார். எதுவும் ஒட்டவில்லை. 1990 நவம்பர் 22, ஹார்ட்ஃபோர்ட் நகரில் நடந்த சர்வைவர் சீரிஸ் என்ற மல்யுத்த நிகழ்ச்சியில் டெட் டிபியாசி என்ற வீரரின் அணிக்கு யாரும் எதிர்பார்க்காத ஆளாக வந்து இறங்கியபோதுதான் உலகம் அவரை அண்டர்டேக்கராகப் பார்த்தது. அன்றைய உடையைக் கவனியுங்கள்: கறுப்புத் தொப்பி, நீளக் கோட்டு, கழுத்தில் டை, சாம்பல் நிறக் கையுறை, காலணிக்கு மேல் சாம்பல் நிற உறை. அமெரிக்க மேற்குப் பகுதியின் பழைய ஊர்களில், சவப்பெட்டிக்கு அளவெடுக்க வரும் கனவானின் உடை அது. குழி வெட்டுகிறவர் டை கட்டிக்கொண்டு வருவாரா?

அடுத்தடுத்து வந்தவையும் அதே தொழிலின் சாமான்கள்தாம். தோற்றவர்களைப் பிணப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். எதிராளியைச் சவப்பெட்டிக்குள் தள்ளி மூடும் போட்டி 1992இல் கமாலா என்ற வீரரோடு நடந்தது. 1991இல் சவப்பெட்டிகள் அடுக்கிய அறை ஒன்றைப் பேட்டிக்களமாக அமைத்தார்கள், அல்டிமேட் வாரியர் என்ற வீரரை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அண்டர்டேக்கர் நடந்துவரும்போது ஒலிக்கும் இசை, இசையமைப்பாளர் ஷோப்பேனின் சவ ஊர்வல இசையிலிருந்து எடுத்தது. எதிராளியைத் தலைகீழாகத் தூக்கித் தலையைத் தரையில் இறக்கும் அவருடைய பிடிக்குக் கல்லறைக் கல்லின் பெயர். இதெல்லாம் சேர்ந்தால் கிடைப்பது ஒரு தொழில்முறை நிறுவனக்காரர். சாவுக்கு வேண்டிய அத்தனையையும் தன் கையில் வைத்திருப்பவர், வாடிக்கையாளரைத் தானே தயார்செய்தும் கொள்கிறவர். அந்த வேடத்தின் குளிர்ந்த பயங்கரம் அங்கேதான் இருக்கிறது. கோபப்படாமல், அவசரப்படாமல், அளவெடுத்து வேலை செய்கிறவர் அவர். வெட்டியான் என்றதும் இந்தச் சித்திரம் முழுக்கக் கரைந்து, சுடுகாட்டுப் பேய்ப்படம் ஒன்று மிஞ்சுகிறது.

2017இல் ஆர்லாண்டோவில் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்ற இரவில், அவர் கையுறை, கோட்டு, தொப்பி மூன்றையும் கழற்றி மேடை நடுவில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் காட்சியில் அரங்கமே அழுதது. இடையில் 2000 முதல் 2003 வரை மோட்டார் சைக்கிளில் வரும் முரடனாகவும் ஆடியவர்தான், பெயர் மட்டும் மாறவில்லை. ஆனால் வேடத்தை இறக்கிவைக்க நேர்ந்தபோது எடுத்து வைத்தது அந்த மூன்றைத்தான்.

சரி, வெட்டியான் வேண்டாம் என்றால் வேறு என்ன? மற்ற பரிந்துரைகளும் எனக்குச் சரியாகப் படவில்லை. ‘பிணந்தூக்கி’ வசை. ‘எமன்’ தெய்வம், அது வேறு கணக்கு. ‘ஈமச்சடங்காளர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். சடங்கு செய்கிறவர் புரோகிதர், அல்லது போதகர். அண்டர்டேக்கர் மந்திரமும் சொல்வதில்லை, ஜெபமும் செய்வதில்லை. போதாக்குறைக்கு, திருநெல்வேலிப் பக்கம் ‘சடங்கு வீடு’ என்றால் பெண்பிள்ளை பெரியவளான வீடு.

நமக்கு நேரான சொல் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் இந்த வேலையை ஒரே ஆள் செய்ததில்லை. பந்தல் ஒருவர், பாடை ஒருவர், பறை ஒருவர், சவரம் ஒருவர், எரிப்பது ஒருவர். மேற்பார்வை பங்காளிகள். ஆனால் இப்போது நிலைமை மாறிவிட்டது. ஐஸ் பெட்டிக்காரருக்கு ஒரு போன் செய்தால் பெட்டி, சாமியானா, நாற்காலி, மாலை, அமரர் ஊர்தி, மின்மயானத்தில் நேரம் எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். அண்டர்டேக்கர் செய்கிற வேலை இதுதான். கொழும்புத் தமிழர்கள் இதற்கு முன்பே அழகான ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள்: மலர்ச்சாலை. மரண அறிவித்தலில் ‘பூதவுடல் மலர்ச்சாலையில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டு’ என்று வரும். அங்கே இந்தத் தொழில் நடத்துகிறவர்கள் பூக்கடைக்காரர்கள் என்ற பெயரில் இயங்குவதால் வந்த சொல். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆனால் இடத்தைக் குறிப்பது, ஆளைக் குறிக்காது.

என் தேர்வு ‘ஈம ஏற்பாட்டாளர்’. ஏற்பாடு என்ற சொல்லுக்குள் ‘ஏற்றல்’ இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் நடுநாடி எதுவோ அதே நாடி. அடியும் பொருளும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம். ஈமம் என்றால் சிதை மட்டும்தானே, புதைப்பதற்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். புறநானூற்றில் ‘ஈமத்தாழி’ வருகிறது, இறந்தவரை வைத்துப் புதைக்கும் தாழி அது. ஆகவே எரிப்பதற்கும் புதைப்பதற்கும் ஈமம் பொது.

அதற்காக வர்ணனையில் “இதோ, ஈம ஏற்பாட்டாளர் வருகிறார்” என்று சொல்லச் சொல்லவில்லை. அது ஒரு மனிதரின் மேடைப் பெயர். பெயரைப் பெயராகவே, அண்டர்டேக்கர் என்றே எழுதுங்கள். தமிழ் கெட்டுப்போகாது. பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் பொருளைச் சொல்லுங்கள், சொல்வதைச் சரியாகச் சொல்லுங்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். பெயரை மொழிபெயர்ப்பார்கள், பொருளை அப்படியே விட்டுவிடுவார்கள். மல்யுத்தக்காரர்கள் தங்கள் பாத்திரத்துக்குச் சொல்லும் ‘கிம்மிக்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தந்திரம்’, ‘ஏமாற்று வித்தை’ என்று எழுதுகிறார்கள். கூத்துக்காரர் வேஷம் கட்டுவது ஏமாற்று வித்தையா? விடிய விடியக் கர்ணனாக நின்று ஆடுகிறவர் கட்டுவது வேஷம். மார்க் காலவே முப்பது வருடம் கட்டியதும் வேஷம்தான். கைக்கு அருகில் இவ்வளவு நல்ல சொல் இருக்கும்போது அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டுவது சோம்பல்.

இதையெல்லாம் பையனிடம் சுருக்கிச் சொன்னேன். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ட்ரம்ப் கார்டு வைத்து ஆடியதையும், அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்து நம்பியதையும் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, திரையில் அண்டர்டேக்கரின் மேலாளராகக் கலசத்தை ஏந்தி நின்ற வெளுத்த முகத்துக் குண்டு மனிதரைக் காட்டி, “அப்போ பால் பேரர்னா என்ன மாமா?” என்று கேட்டான். சவப்பெட்டியைத் தோளில் சுமக்கிறவரை ஆங்கிலத்தில் ‘பால்பேரர்’ என்பார்கள், அதை இரண்டாக உடைத்து ஆள் பெயராக்கிவிட்டார்கள் என்றேன். அவன் நம்பவில்லை, இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அந்த மனிதரின் சொந்தப் பெயர் வில்லியம் மூடி. 2013இல் இறந்தார். சவங்களைப் பதப்படுத்தி அடக்கத்துக்குத் தயார்செய்யும் தொழிலை முறையாகப் படித்து உரிமமும் வாங்கியவர். அந்த மேடையில் ஈம ஏற்பாட்டாளர் என்று சொல்லத்தக்க ஆள் உண்மையில் அவர்தான்.