கடலின்மேல் மிதக்கும் கிணற்று நீர்

கோடையில் கிணறு வற்றினால் அதை இன்னும் சில அடி ஆழமாக்குவது கருங்கல் நிலத்து உழவர்களின் வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதே வழக்கத்தைப் பின்பற்றுபவருக்குப் பல இடங்களில் கிடைப்பது உவர்நீர்தான். அங்கே நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் கீழேயும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துவைக்கும் சுவர் எதுவும் நிலத்துக்கடியில் இல்லை.

ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியில் மட்டுமே ஓடும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மீதி மாதங்களில் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் ஆதாரமாக இருப்பது, அந்த மூன்று மாதங்களில் நிலத்துக்குள் இறங்கிய நீரே.

அந்த நீரைத் தாங்கியிருப்பது பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமிருந்து காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக இறங்குகையில், பாறையின் வெடிப்புகள் சிறிது சிறிதாகக் கரைந்து அகன்று, குழாய்களாகவும் குகைகளாகவும் மாறுகின்றன. குகையின் கூரை இடிந்துவிழுந்தால் நிலத்தில் ஒரு குழி திறந்துகொள்ளும். புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கேணி அப்படி உண்டானதே. அதன் மேற்பகுதியில் உள்ள நீர் நன்னீர், ஆழம் செல்லச்செல்ல உவர். நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்துவந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. பழத்துக்கு எவரும் சாட்சி சொல்ல முடியாது என்றாலும், நிலத்தடிக் குழாய்கள் வழியாக நீர் தொலைதூரம் பயணம் செய்கிறது என்ற அக்கதையின் அடிப்படை எண்ணத்தைப் புவியியலாளர் எவரும் மறுக்கமாட்டார். கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊற்றெடுப்பது அதனால்தான்.

இத்தகைய துளையுள்ள பாறைக்குள் கடல்நீரும் தடையின்றிப் புகும். அப்படியிருக்க நன்னீர் எப்படி நிலைத்திருக்கிறது என்ற கேள்விக்கு விடை அடர்த்தியில் இருக்கிறது. ஒரு கனமீற்றர் நன்னீரின் எடை 1,000 கிலோகிராம் என்றால், அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோகிராம் எடையுள்ளது. ஆகவே 40 மீற்றர் உயரமான கடல்நீர்த் தூணும் 41 மீற்றர் உயரமான நன்னீர்த் தூணும் அடியில் ஒரே அழுத்தத்தைக் கொடுக்கும். நிலத்தடி நீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு 1 மீற்றர் மேலே நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் கடல்நீரைத் தள்ளிவைத்திருக்கும் என்பது இதன் பொருள். ஒல்லாந்தரான பாடொன் கைபென் 1880களின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே வெளியிட்ட இந்தக் கணக்கு இருவர் பெயராலும் வழங்குகிறது. நடுவில் தடித்தும் கரையை நோக்கி மெலிந்தும் இருக்கும் இந்த நீர்த்திரளுக்கு நன்னீர் வில்லை என்று பெயர். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் ஆகியவற்றில் இத்தகைய வில்லைகள் தனித்தனியாக உள்ளன.

கணக்கு சொல்வதைவிட இயற்கை சற்றுச் சிக்கலானது. நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இடம் கோடு கிழித்தாற்போல் இருப்பதில்லை. மழையோடும் கடலின் ஏற்ற இறக்கத்தோடும் மேலும் கீழும் அசைவதால் இடையில் கலங்கலான ஒரு படலம் உண்டாகிறது. அத்துடன் வில்லையின் விளிம்புகளில் நன்னீர் ஓயாமல் கடலுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். எவரும் ஒரு வாளி நீரும் அள்ளாவிட்டாலும், மாரி முடிவில் உயர்ந்து நிற்கும் நீர்மட்டம் ஆவணி, புரட்டாதிக்குள் இறங்கிவிடும்.

மேலே ஒரு பங்கு குறைந்தால் கீழே நாற்பது பங்கு இழக்கப்படும் என்பதுதான் இந்தக் கணக்கின் கசப்பான பக்கம். ஓரிடத்தில் நீரை விரைவாக இறைத்து, நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் தாழ்த்தி, அப்படியே நெடுநாள் வைத்திருந்தால், அடியிலுள்ள உவர்நீர் 4 மீற்றர் மேலெழுந்து சமநிலை காண முயலும். அது ஒரே மட்டமாக எழுவதில்லை. இறைக்கும் புள்ளியை நோக்கிக் கூம்பு வடிவில் எழும். கூம்பின் நுனி கிணற்றைத் தொட்டுவிட்டால், அதன்பின் இறைப்பை நிறுத்தினாலும் உப்பு உடனே இறங்குவதில்லை. அடுத்த மாரிகள் கழுவித் தீர்க்கவேண்டும். பாலாடையை எடுப்பவர் கரண்டியை ஆழவிடாமல் மேலாக வழிப்பதைப் போல, இங்கே நீரை மேலிருந்து, பரவலாக, மெதுவாக எடுப்பதே பொருத்தமானது. ஆழமான குழாய்க்கிணறு ஒன்றைவிட ஆழமற்ற பல கிணறுகள் நல்லவை என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

துலாவும் பனையோலைப் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் இந்த ஒழுங்கு தானாகவே அமைந்திருந்தது. துலாவில் ஏறி மிதிப்பவரின் உடற்சோர்வே இறைப்புக்கு எல்லை போட்டது. பங்குக் கிணறுகளில் முறைவைத்து இறைத்ததால் இடையிடையே நீர் ஊறவும் நேரம் கிடைத்தது. 1950களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. 1970களில் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டுத் தோட்டங்கள் செழித்தன. செம்மண்ணில் பாய்ந்த நீரின் அளவும் அதற்கேற்ப உயர்ந்தது. உழவர் செழித்த அந்தக் காலத்தை நான் குறைகூறவில்லை. எனினும் அந்தச் செழிப்பின் ஒரு பகுதி வில்லையின் தடிப்பிலிருந்து பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

உப்பைவிடச் சத்தமில்லாமல் வரும் கேடு நைத்திரேற்று என்ற நைதரசன் சேர்வை. வலிகாமத்தின் செம்மண் மெல்லிய படை. அதன்கீழுள்ள பாறையோ வடிகட்டியாக அன்றி வாய்க்காலாகவே செயல்படுகிறது. தோட்டத்தில் இட்ட யூரியாவிலும் எருவிலும் பயிர் எடுத்தது போக மீதி, பாசன நீரோடு கரைந்து கிணற்றுக்கே திரும்புகிறது. அதே நீர் மறுபடி இறைக்கப்பட்டு மறுபடி இறங்குகிறது. ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும் அருகருகே அமைந்த நெருக்கமான குடியிருப்புகளில் நைத்திரேற்றின் இரண்டாவது மூலமும் அதனோடு சேர்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தாண்டினால் முதலில் பாதிக்கப்படக்கூடியவை ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகள். அவர்களது குருதியின் ஒட்சிசன் ஏந்தும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும். நைத்திரேற்றை அகற்றாது, நீர் ஆவியாகும் அளவுக்கு அதன் செறிவைக் கூட்டவும் செய்யும்.

சுன்னாகத்தில் மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் படிந்த விவகாரமும் இதே பாறையின் இயல்பைக் காட்டியது. எண்ணெய் நீரைவிட இலேசானது என்பதால் நீர்மட்டத்தின்மேல் மிதந்து, வெடிப்புகள் வழியே பக்கவாட்டில் பரவுகிறது. 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் இது தொடர்பான வழக்கில் 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது.

இறைப்பைக் குறைப்பது தவிர, வில்லையைத் தடிப்பாக்க இரண்டே வழிகள் உண்டு: உள்ளே இறங்குவதைக் கூட்டுவது, வெளியே கசிவதைக் குறைப்பது. ஊர்தோறும் இருக்கும் குளங்களும் கேணிகளும் முதல் வேலையைச் செய்கின்றன. தூர்ந்துபோன குளம் ஒன்றைத் தோண்டுவதன் பயன் அதன் கரையில் தெரிவதைவிடச் சுற்றுப்புறக் கிணறுகளில் அதிகம் தெரியும். இரண்டாவது வேலைக்கானவை தொண்டைமானாறு, அரியாலை ஆகிய இடங்களிலுள்ள தடுப்பணைகள். மாரி நீரைக் கடலேரிகளில் தேக்கி, கடல்நீரைப் புகவிடாமல் தடுத்தால், ஏரி படிப்படியாக உப்பு நீங்கி, அதையொட்டிய நிலத்தின் நீர்மட்டமும் உயரும். ஆனையிறவு ஏரியின் நன்னீரை வடமராட்சிக்குத் திருப்பும் பொறியியலாளர் ஆறுமுகத்தின் திட்டம் இதே கணக்கின் பெரிய வடிவம்.

2024இல் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் உற்பத்தி செய்யும் கொள்ளளவு கொண்டது. அதன் நீரை வெங்காயத்துக்குப் பாய்ச்சக் கட்டுப்படியாகாது என்பதால் தோட்டங்கள் தொடர்ந்து கிணற்றையே நம்பியிருக்கும். அங்கே எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஊகம் தேவையில்லை: உப்பு கூடக்கூட உயரும் நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கையடக்கக் கருவியால் மாரி முடிவிலும் புரட்டாதியிலும் ஒரே கிணற்றை அளந்து, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால், உவர்நீர் மேலேறுகிறதா இறங்குகிறதா என்பது நாக்குக்கு உப்பு தெரிவதற்கு வெகுமுன்பே தெரிந்துவிடும்.