போர் விமானத்தின் உச்ச வேகம்: விவரத்தாளில் இல்லாத கணக்குகள்

புதிய போர் விமானம் ஒன்று செய்தியில் அடிபடும்போதெல்லாம் அதன் உச்ச வேகமே முதலில் பேசப்படுகிறது. ஒலியைப்போல் 2.5 மடங்கு வேகத்தில் பறக்கும் விமானம், 1.6 மடங்கில் பறப்பதைவிட மேலானது என்ற முடிவும் உடனே எடுக்கப்பட்டுவிடுகிறது. ஜெட் எஞ்சின் பராமரிப்பில் நெடுங்காலம் பணியாற்றிய நான், விமானவியல் பயில வரும் மாணவர்களிடமும் இதே எண்ணத்தைக் காண்கிறேன். அந்த வேகம் எந்த உயரத்தில், எவ்வளவு நேரத்துக்கு, எவ்வளவு சுமையுடன் கிடைக்கிறது என்று கேட்காமல் இரண்டு விமானங்களை ஒப்பிடுவது பொருளற்றது.

எஞ்சினின் உந்துவிசை போதாமையே வேகத்துக்குத் தடை என்று பலரும் கருதுகின்றனர். ஆனால், பெரும்பாலும் முன்னதாகவே குறுக்கே நிற்பது வெப்பம். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதே காற்று விமானத்தின் மூக்கில் மோதி நிற்கும் இடத்தில் மாக் 2 (ஒலியைப்போல் 2 மடங்கு) வேகத்தில் ஏறத்தாழ 117 டிகிரியையும், மாக் 2.5-இல் 214 டிகிரியையும், மாக் 3-இல் 333 டிகிரியையும் எட்டுகிறது. வழக்கமான அலுமினியக் கலவைகள் 120 முதல் 150 டிகிரிக்கு மேல் நீடித்துச் சூடேறினால் வலிமை இழக்கத் தொடங்குகின்றன. அலுமினியத்தால் ஆன விமானங்கள் மாக் 2-ஐ ஒட்டியே நின்றுவிடுவதற்கும், சோவியத்தின் மிக்-25 பெரும்பகுதி நிக்கல் எஃகிலும் அமெரிக்காவின் எஸ்ஆர்-71 பெரும்பகுதி டைட்டானியத்திலும் கட்டப்பட்டதற்கும் இதுவே காரணம்.

உடற்பகுதியை எஃகால் கட்டிவிட்டாலும் எஞ்சினின் சிக்கல் தீர்வதில்லை. முன்பே சூடேறிய காற்று, எஞ்சினின் முன்பகுதியில் காற்றை அழுத்தும் கம்ப்ரசருக்குள் புகுந்து, அங்கே அழுத்தப்படும்போது மேலும் சூடாகிறது. எரிந்த வாயுவால் சுழலும் டர்பைன் தகடுகள் தாங்கக்கூடிய வெப்பநிலையோ மாறாதது. ஆகவே, வேகம் கூடக்கூட, எரிபொருளை எரித்து மேலும் வெப்பம் சேர்க்க எஞ்சினுக்கு இருக்கும் இடைவெளி சுருங்கி, தேவை அதிகமாகும் நேரத்தில் உந்துவிசை குறைகிறது. எஸ்ஆர்-71-இன் வேகத்தைக் கட்டுப்படுத்தியவற்றுள் முக்கியமானது, கம்ப்ரசரின் முகப்பில் 427 டிகிரியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு. பராமரிப்புக் கூடத்தில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். வெப்ப வரம்பு மீறப்பட்டதாகப் பதிவாகியிருந்தால், எஞ்சினின் உட்புறத்தைக் காட்டும் குழாய் போன்ற கருவியான போரோஸ்கோப்பை உள்ளே செலுத்தி, தகடுகளின் பூச்சு கருகியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, நுனி உறையில் உரசும் அளவுக்கு அவை நீண்டிருக்கின்றனவா என்று தேடுவோம். மீறலின் அளவையும் நேரத்தையும் பொறுத்து, எஞ்சினையே கழற்றிப் பிரிக்க நேரும். மிக்-25-க்கு வகுக்கப்பட்ட வரம்பு மாக் 2.83, 1970-களின் தொடக்கத்தில் எகிப்திலிருந்து பறந்த ஒன்று மாக் 3.2-ஐத் தொட்டது உண்மைதான், ஆனால் அதன் எஞ்சின்கள் மறுபடி பயன்படாதவாறு கெட்டுப்போயின. அந்த வகை விமானத்தை இந்திய விமானப்படையும் 1981 முதல் 2006 வரை பரேலியிலிருந்து உளவுப் பணிக்காக இயக்கியது. உயரத்தில் நேர்கோட்டில் விரையும் அப்பணிக்கு அது மிகப் பொருத்தமானது.

தாழ்வாகப் பறக்கையில் கணக்கே வேறு. கடல்மட்டத்தில் காற்று அடர்த்தியானது என்பதால், அங்கே மாக் 1.2-இல் விமானத்தின்மீது விழும் காற்றழுத்த விசை, 18 கிலோமீட்டர் உயரத்தில் மாக் 2.5-இல் விழுவதைப்போல் மூன்று மடங்காகிறது. உயரத்தில் மாக் 2-ஐத் தாண்டும் விமானங்கள் தரையருகே மாக் 1.2 அளவிலேயே நிறுத்தப்படுவது இதனால்தான்.

எரிபொருளையும் மறந்துவிடக் கூடாது. எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் ஆஃப்டர்பர்னரை முழுமையாக இயக்கினால் எரிபொருள் செலவு மூன்று, நான்கு மடங்காகும். அமெரிக்கப் போர் விமானமான எஃப்-15-இன் பெயரோடு சொல்லப்படும் மாக் 2.5, வெளியே ஏவுகணையோ கூடுதல் டாங்கியோ தொங்காத விமானம் உயரத்தில் எட்டக்கூடியது. போருக்குச் செல்லும் விமானம் அந்த நிலையில் செல்வதில்லை. அவ்வேகத்தில் 5 ஜி (புவியீர்ப்பைப்போல் 5 மடங்கு) விசையுடன் திரும்பினால்கூட வட்டத்தின் ஆரம் 11 கிலோமீட்டர் அளவுக்கு விரியும். அப்படித் திரும்பி எதிரியை மடக்க முடியாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் வடிவமைப்பாளர்கள் வேகத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். மாக் 2-க்கு மேல் செல்ல, காற்றின் வேகத்துக்கேற்ப அசையும் தகடுகள் கொண்ட, எஞ்சினுக்குள் காற்றைச் செலுத்தும் நுழைவாய் உதவும். அது எடையும் பராமரிப்பு வேலையும் கூட்டும். சூலூரிலிருந்து பறக்கும் இந்தியப் போர் விமானமான தேஜஸ் அசையாத நுழைவாயுடன் மாக் 1.6 அளவில் நிற்பதை, என் பார்வையில், குறையாகக் கருத இடமில்லை. அமெரிக்காவின் எஃப்-35-இன் வேகமும் அதே மாக் 1.6 தான். அதன் பி, சி வகைகள் ஆஃப்டர்பர்னருடன் ஒலியை விஞ்சி நீடித்துப் பறந்தால் வால் பகுதிக்கும் ரேடாருக்குத் தென்படாமல் காக்கும் பூச்சுக்கும் சேதம் நேரலாம் என்று சோதனைகளில் தெரியவந்தது. விமானத்தை மாற்றி வடிவமைக்காமல், அவ்வேகத்தில் பறக்கும் நேரத்துக்கு வரம்பு விதிப்பதே போதும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முடிவுசெய்தது.