மரங்களை எண்ணுமுன் மரத்தடியைப் பாருங்கள்

“எங்கள் கல்லூரியில் எல்லா மரங்களையும் எண்ணிப் பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டோம், வளாகத்தின் பசுமையை மதிப்பிட இது போதுமா?” என்று நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீட்டில் பசுமை வளாகத்துக்கும் இடம் இருப்பதால், அதன் குழு வரும் நாள் நெருங்க நெருங்கப் புல்வெளி விரிப்பதும் தொட்டிச் செடிகளை வாங்கி அடுக்குவதும் பல கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டன. ஆனால் வெளியிலிருந்து நீரையும் உரத்தையும் கொண்டுவந்து கொட்டாமல் ஒரு வளாகம் தன் பசுமையைத் தானே காத்துக்கொள்ளுமா என்பதுதான் கேள்வியென்றால், அதற்கான விடையை மரத்தடி மண்ணில்தான் தேட வேண்டும்.

புல்வெளியின் கணக்கு எளிது. மே மாதச் சென்னை வெயிலில் ஒரு புல்வெளி ஆவியாகவும் இலை வழியாகவும் இழக்கும் நீர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 மி.மீ. என்று கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்பது 1 லிட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக, ஓர் ஏக்கர் புல்லைப் பச்சையாக வைத்திருக்க நாள்தோறும் 16,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றுக்கு மேல், தேவைப்படும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

மரங்களுக்கு வருவோம். மழைத்துளி மண்ணில் விழும் அந்தக் கணத்தில் நடப்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. நல்ல மண், தனித்தனித் துகள்களாக இருப்பதில்லை; வேர்க்கசிவும் பூஞ்சை இழைகளும் துகள்களை ஒட்டிச் சிறு சிறு திரள்களாக்கி வைத்திருக்கின்றன, அத்திரள்களுக்கு இடையிலுள்ள துளைகள் வழியாகவே நீர் கீழே இறங்குகிறது. சருகோ செடியோ மூடாத வெறுந்தரையில் துளி மோதும்போது திரள் உடைந்து, சிதறிய நுண்களி பக்கத்துத் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. மழை ஓய்ந்து காய்ந்ததும் சில மி.மீ. தடிமனில், ஆறிய பாலின் மேல் ஆடை படிவதைப்போல, ஓர் இறுகிய ஏடு படிகிறது. அடியில் எவ்வளவு நல்ல மண் இருந்தாலும் அடுத்த மழை அந்த ஏட்டின் மேல் வழுக்கிக்கொண்டு வடிகாலுக்குப் போய்விடும்.

மரம் குடைபோல நின்று இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. இலைகளில் விழும் சிறு துளிகள் ஒன்றுகூடி, இலை நுனியில் தொங்கி, 5 மி.மீ. அளவுக்குப் பருத்த பிறகே கீழே விழுகின்றன. வானத்திலிருந்து நேராக விழும் 2 மி.மீ. துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் வருகிறது. பருத்த துளியோ எட்டுப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே நொடிக்கு 9 மீட்டர் வேகத்தை நெருங்கிவிடுகிறது. எடை விட்டத்தின் முப்படியாகவும் ஆற்றல் வேகத்தின் இருபடியாகவும் கூடுவதால், அந்த ஒரு துளியின் மோதல் சிறு துளியினுடையதைப்போல முப்பது மடங்கை ஒட்டி வரும். கிளைகள் மழையில் ஒரு பகுதியைத் தாங்கி ஆவியாக்கிவிடுவது உண்மைதான். ஆயினும் அடியில் புதரோ சருகோ இல்லாத உயர்ந்த மரத்தின் கீழ், வெட்டவெளியைவிட மண் அதிகமாக அடிபடக்கூடும். அகன்ற இலைகொண்ட தேக்குத் தோட்டங்களில், சருகை எரித்துவிட்ட இடங்களில் மண்ணரிப்பு கடுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, காலை ஏழு மணிக்குச் சீமாற்றுடன் தொடங்கி, மரத்தடியைத் தரை தெரியக் கூட்டி, சருகைக் குவித்துக் கொளுத்தும் வளாகத்தில் எத்தனை மரங்கள் இருந்தாலும் மழைநீர் மண்ணுக்குள் இறங்குவது குறைவே. நிலத்தடி நீர் கீழே போகிறது, ஆழ்துளைக் கிணறு போட வேண்டியதாகிறது; புவியியல் துறை வைத்திருக்கும் கல்லூரிகூட உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைத்துவருகிறது. அதற்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை அந்தத் துறையின் மாணவர்களிடம் தந்தால், வளாகத்தின் எந்தப் பகுதி நீரை வாங்குகிறது, எது வாங்கவில்லை என்று அவர்கள் வரைபடமே போட்டுத் தந்துவிடுவார்கள்.

அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 15 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டு வெட்டி, மேலே பலகை வைத்துத் தட்டி, 5 செ.மீ. மண்ணில் இறக்குங்கள். உள்ளே பிளாஸ்டிக் தாளை விரித்து 450 மி.லி. நீரை ஊற்றித் தாளை மெல்ல உருவிவிட்டால் மண் கலங்காது, 2.5 செ.மீ. மழை பெய்ததற்கு அது சமம். முதல் ஊற்றல் காய்ந்த மண்ணை நனைப்பதற்கு. அது இறங்கியதும் இன்னொரு முறை ஊற்றி, தண்ணீர் மறையும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டிய மரத்தடி, சருகு விட்ட மரத்தடி, புல்வெளி, வண்டி நிறுத்துமிடம் என்று இடத்துக்கு மூன்று முறையாவது பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

வளாகத்தில் எதை வளர்ப்பது என்பதற்குச் சென்னையிலேயே இரண்டு பாடங்கள் உண்டு. தாம்பரத்துக்கு 1937இல் இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் காட்டை வளர்த்ததில் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே, வறண்ட மாதங்களிலும் இலை முழுதும் உதிராத உலர் பசுமைமாறாக் காட்டின் தாவரங்களை இன்றும் பார்க்கலாம். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியுள்ள சென்னை ஐ.ஐ.டி. வேறொரு பாடம்: அங்கு வாழும் வெளிமானுக்குக் குட்டைப் புல் முளைத்த திறந்தவெளி வேண்டும், ஆதலால் காலியாகத் தெரியும் இடத்திலெல்லாம் கன்று நடுவது அந்த விலங்குக்கு உதவி ஆகாது. மரம் நடுவிழா நடத்துவோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சருகை விட்டால் பாம்பு வரும் என்ற அச்சம் வீணானதன்று. நடைபாதை ஓரத்திலும் விடுதி வாசலிலும் கூட்டத்தான் வேண்டும். அப்படிக் கூட்டியதைக் கொளுத்தாமல், ஆள் நடமாட்டம் இல்லாத மரங்களின் அடியில் கொண்டுபோய்ப் பரப்பலாம். விழிப்புணர்வுக்குச் சுவரொட்டியைவிட, கூட்டிய மரத்தடியிலும் கூட்டாத மரத்தடியிலும் நீர் மறைய ஆன நேரத்தை அந்தந்த மரத்திலேயே எழுதி வைப்பது பலன் தரும்; முதல் சோதனையைத் தோட்டப் பணியாளர்களை வைத்தே செய்யுங்கள், ஏனெனில் நாளை சீமாற்றைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவர்களிடம் இருக்கிறது. இரண்டு பருவமழைக்குப் பிறகு மறுபடியும் அளக்கும்போது அதே இடத்தில், அதே மாதத்தில் அளக்க வேண்டும்; ஈர மண்ணும் காய்ந்த மண்ணும் ஒரே வேகத்தில் நீரை வாங்குவதில்லை.