புது பேட் மாட்டியதும் பிரேக் ஏன் பிடிப்பதில்லை?

பைக்கின் முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்கு முதன்முறையாக வீட்டிலேயே பேட் மாற்றியிருக்கிறீர்கள். போல்ட்டை முறுக்கிவிட்டு லிவரைப் பிடித்தால், அது கைப்பிடி வரை தொளதொளவென்று போகிறது. வயிறு கலங்கும். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது.

லிவருக்குப் பக்கத்தில், மாஸ்டர் சிலிண்டருக்குள், சிறிய பிஸ்டன். சக்கரத்தருகே, பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பரில், பெரிய பிஸ்டன். நடுவில் குழாய் நிறைய பிரேக் ஆயில். பெரியதன் பரப்பு 10 மடங்கு என்றால் கைவிசையும் 10 மடங்காகும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி இது. ஆனால் தூரம் குறைந்துவிடும். சிறியது 10 மி.மீ. நகர்ந்தால் பெரியது 1 மி.மீ.தான் நகரும்.

தடிமனான புது பேட்டுக்கு இடம் கொடுக்க, பிஸ்டனைப் பல மில்லிமீட்டர் உள்ளே தள்ளினீர்கள் அல்லவா? அந்த இடைவெளியை ஒரே பிடியில் கடக்க முடியாது. லிவரை மெதுவாகப் பலமுறை பிடித்து விட்டால் கெட்டிப்படும். வண்டியை ஓர் அடி நகர்த்துவதற்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

விட்டதும் பிஸ்டன் ஏன் பழைய இடத்துக்கே திரும்பவில்லை? பிஸ்டனைச் சுற்றிச் சதுர விளிம்புள்ள ரப்பர் வளையம் ஒன்று இறுகப் பிடித்திருக்கிறது. எனக்கு இந்த அமைப்பிலேயே மிகப் பிடித்தது அதுதான். பிஸ்டன் வெளியே வரும்போது வளையம் கூடவே சற்றுச் சாய்கிறது; லிவரை விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னே இழுக்கிறது. அதற்கு மேல் போக வேண்டியிருந்தால் பிஸ்டன் வழுக்கிப் புது இடத்தில் நிற்கும். பேட் தேயத் தேயத் தானாகவே சரிசெய்துகொள்வது இப்படித்தான்.

பலமுறை பிடித்தும் பஞ்சுபோல அமுங்குகிறதா? உள்ளே காற்று இருக்கலாம். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். கைவிசை அதிலேயே வீணாகிவிடும். அப்போது ஏர் எடுக்க வேண்டும். ஒருவர் லிவரைப் பிடித்தபடி நிற்க, இன்னொருவர் கேலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் சிறு திருகான நிப்பிளைக் கொஞ்சம் திறந்து, குமிழி வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே லிவரை விட வேண்டும். இல்லாவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

ஊற்றும் ஆயில் புதிதாகத் திறந்த பாட்டிலாக இருக்கட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்திலுள்ள ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் கலந்தால் 155 ஆக இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும்போது அந்த ஈரம் ஆவியானால், நீங்கள் பாடுபட்டு வெளியேற்றிய குமிழிகள் உள்ளேயே மறுபடி பிறந்துவிடும்.